சென்னையில் முதல் ரெட் வைன் பாட்டில்: வாங்குவதிலிருந்து கடைசிக் கிளாஸ் வரை

மூன்று பாட்டில் வீணான பிறகுதான் எனக்கு இது பிடிபட்டது. முதலாவது, வைன் என்று நம்பி வாங்கிய இனிப்புச் சரக்கு. இரண்டாவது சரியான வைன்தான். ஆனால் சித்திரை வெயிலில் அதை ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் வேறு வேலையாகப் போய்விட்டேன். மூன்றாவதைப் பத்திரமாக வீடு சேர்த்தேன். அலமாரியில் இருந்தபடியே எடுத்து, ரசஞ்சாதத்துக்கும் வறுத்த மீனுக்கும் பக்கத்தில் வைத்துக் குடித்தேன். வாய் முழுக்க ஒரு வறட்சி, தொண்டையில் சாராய எரிச்சல். மூடி வைத்துவிட்டேன்.

நாலாவது பாட்டில் மூன்றாவதன் அச்சு. அதே பெயர், அதே விலை, அதே ஆண்டு. அதைக் குளிர வைத்து, ஆற்றி, மட்டன் சுக்காவோடு குடித்தபோதுதான் இவ்வளவு பேர் இதை ஏன் இத்தனை ஆசையாகப் பேசுகிறார்கள் என்று புரிந்தது. விலை கூட்டினால் சுவை கூடும் என்று நினைத்திருந்தேன். எனக்கு வித்தியாசம் காட்டியது பணம் இல்லை; குளிர், காற்று, பக்கத்தில் வைத்த தட்டு, இந்த மூன்றும்தான். அதனால் அந்த மூன்றையும் விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடிக்காதவர் குடிக்கத் தொடங்க வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. 'ரெட் வைன் இதயத்துக்கு நல்லது' என்று யாராவது சொன்னால் அதை நம்பி வாங்கவும் வேண்டாம். எந்த அளவு மதுவையும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. கர்ப்பிணிகளும் கல்லீரல் தொந்தரவு உள்ளவர்களும் இந்தப் பக்கம் வர வேண்டாம். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடக்கூடாது. மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் மாதிரி மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால் கண்டிப்பாகக் கூடாது.

1. எதைக் கேட்பது என்று முடிவு செய்யுங்கள்

ரெட் வைனில் 'ஃபுல் பாடி' என்று ஒரு வகையைச் சொல்வார்கள். ரசத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கலக்காமல் மேலாக எடுத்த தெளிவு ஒரு மாதிரி, அடிவரை கரண்டி விட்டுக் கலக்கி எடுத்தது வேறு மாதிரி. இரண்டும் ஒரே பாத்திரம்தான். ஆனால் வாயில் இருக்கும் கனம் வேறு. ஃபுல் பாடி வைன் இரண்டாவது ரகம். நாக்கில் அடர்த்தியாக உட்காரும், விழுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும்.

இந்தக் கனம் வேண்டுமென்றால் லேபிளில் இரண்டு பெயர்களைத் தேடுங்கள்: கேபர்னே சாவிஞான், ஷிராஸ். இரண்டும் திராட்சை ரகங்களின் பெயர்கள். இரண்டையும் கலந்து செய்த பாட்டில்களும் நிறைய உண்டு. முதல் தடவைக்கு அதுவே நல்லது என்பேன். மால்பெக் என்று இருந்தாலும் எடுக்கலாம். மெர்லோ கொஞ்சம் சாது. பினோ நுவா என்று இருந்தால் அது மெல்லிய ரகம், இப்போதைக்கு வேண்டாம். அப்புறம் ஆல்கஹால் அளவைப் பாருங்கள். 13 முதல் 14.5 சதவீதம் வரை இருந்தால் பெரும்பாலும் நாம் தேடும் கனம் இருக்கும்.

இங்கேதான் முதல் பொறி. நான் முதல் தடவை கவுண்டரில் போய், "அண்ணே, ரெட் வைன் ஒண்ணு குடுங்க" என்று மட்டும் கேட்டேன். எடுத்துக் கொடுத்தார். வீட்டில் வந்து பார்த்தால் 'போர்ட்' என்று போட்டிருந்தது. நம் ஊரில் ரெட் வைன் என்றாலே பலர் கேட்பது அந்த இனிப்பு வைனைத்தான், அதனால் அவர் மேல் தப்பில்லை. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போடும் திராட்சை வைன் மாதிரி, சர்க்கரை தூக்கலாக இருக்கும். அதை ரசிப்பவர்கள் ரசிக்கட்டும். ஆனால் நீங்கள் தேடுவது அது இல்லை. திராட்சையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: "கேபர்னே இருக்கா, ஷிராஸ் இருக்கா?" பாட்டிலில் போர்ட் என்றோ ஸ்வீட் என்றோ போட்டிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

2. பாட்டிலுக்கு முன்னால் ஒரு டம்ளர் டீ

இது செலவில்லாத படி, தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். டீத்தூளைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டு, ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, பாலும் சர்க்கரையும் இல்லாமல் ஒரு மடக்கு குடியுங்கள். நாக்கு உலர்ந்து, கன்னத்தின் உள்பக்கம் இழுத்துப் பிடிக்கும். அதுதான் துவர்ப்பு. இப்போது அதே டீயில் இரண்டு ஸ்பூன் பால் விட்டுக் குடியுங்கள். இழுப்பு அடங்கிவிடும். டீயில் உள்ள துவர்ப்புப் பொருளைப் பாலின் புரதம் பிடித்துக்கொள்கிறது.

ரெட் வைனின் முதல் மடக்கில் நம்மை மிரட்டுவதும் இதே துவர்ப்புதான். திராட்சையின் தோலிலும் கொட்டையிலும் இருக்கும் டானின் அதற்குக் காரணம். தோலோடு ஊறவைத்துப் புளிக்கவிடுவதால்தான் ரெட் வைனுக்கு நிறமும் வருகிறது, துவர்ப்பும் வருகிறது. வாயின் ஈரத்தில் உள்ள புரதத்தோடு இது சேர்ந்துகொள்வதால் வாய் உலர்ந்த மாதிரி ஆகிவிடுகிறது. அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி இடம் கொடுத்தவர்கள் நாம். வாழைப்பூவும் நாவல்பழமும் மாவடுவும் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு இது புதுச் சுவையே இல்லை. புது இடத்தில் வந்து நிற்கிறது, அவ்வளவுதான். 'கசக்கிறது' என்று ஒதுக்காமல் 'துவர்க்கிறது' என்று சரியான பெயரைச் சொல்லிப் பாருங்கள். பாதி பயம் அங்கேயே போய்விடும்.

3. பணம், அடையாள அட்டை, நாள், நேரம்

தமிழ்நாட்டில் பாட்டிலாக வாங்க டாஸ்மாக் மட்டும்தான். மதுவுக்கான வயது வரம்பு 21. பார்க்கச் சின்ன வயதாகத் தெரிகிறவர்கள் ஆதாரோ ஓட்டுநர் உரிமமோ கையில் வைத்திருங்கள். வேறு எந்தப் பேப்பரும் தேவையில்லை.

கடைகள் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும். தெருமுனைக் கடைகளில் பிராந்தியும் பீரும்தான் பிரதானம். வைன் இருந்தாலும் ஒன்றிரண்டு ரகம், அதுவும் பெரும்பாலும் இனிப்பு. நேராக டாஸ்மாக்கின் 'எலைட்' கடைக்குப் போங்கள். பெரிய மால்களிலும் நகரின் முக்கியமான பகுதிகளிலும் இருக்கின்றன. அங்கே அலமாரியில் நாமே பாட்டிலை எடுத்துப் பார்க்கலாம். அது எவ்வளவு முக்கியம் என்று அடுத்த படியில் சொல்கிறேன். வார நாளில் மாலை 5 மணிக்கு முன்னால் போனால் கூட்டம் இருக்காது, நிதானமாக லேபிள் படிக்கலாம்.

வெளியூர் நண்பர் வருகிறார் என்று திட்டம் போடுகிறவர்கள் காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். குடியரசு தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீரர் ஜெயந்தி, மே தினம், மிலாது நபி ஆகிய நாட்களில் கடை கிடையாது. தேர்தல் நேரத்தில் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரமும் மூடியிருக்கும்.

செலவு: 750 மில்லி பாட்டிலுக்கு நான் வைத்துக்கொண்ட வரம்பு 1,500 ரூபாய். மகாராஷ்டிராவின் நாசிக்கிலும் அக்லூஜிலும், கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கமும் விளைந்த திராட்சையில் செய்த நல்ல வைன்கள் இந்த வரம்பை ஒட்டியே கிடைக்கின்றன. சுலா, க்ரோவர் ஜம்பா, ஃப்ரடெல்லி ஆகிய பெயர்களைத் தேடிப் பாருங்கள். எது எந்த வாரம் அலமாரியில் இருக்கும் என்பது மாறிக்கொண்டே இருக்கும், அதனால் மனதில் ஒன்றுக்கு மூன்று பெயராக வைத்துக்கொண்டு போங்கள். வெளிநாட்டுப் பாட்டிலின் விலையில் பெரும்பங்கு வரிக்குப் போகிறது. ஆகவே அதே காசுக்கு உள்நாட்டு பாட்டிலில்தான் வைனுக்கு நிஜமாகக் கொடுக்கும் பங்கு அதிகம். ஒரு பாட்டிலில் 150 மில்லி வீதம் ஐந்து கிளாஸ் வரும். 1,500 ரூபாய் என்றால் கிளாஸ் 300 ரூபாய். இரண்டு கண்ணாடிக் கிளாஸுக்கும் ஒரு கார்க் ஸ்க்ரூவுக்கும் நான் 600 ரூபாய்க்குள் முடித்தேன். அது ஒரு தடவைச் செலவு. பாட்டிலில் அச்சிட்ட எம்.ஆர்.பி.யைப் பார்த்துக் கொடுங்கள், பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். புதுச்சேரியில் விலை குறைவு என்பது உண்மை. அதை அங்கேயே குடித்துவிட்டு வாருங்கள். அனுமதியில்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுவந்தால் சோதனைச் சாவடியில் பாட்டில் போவதோடு நிற்காது, வழக்கு வரும், வண்டியும் மாட்டும். இன்னொன்று, 'சென்னையில் வீட்டுக்கே வைன் டெலிவரி' என்று போனில் வரும் விளம்பரங்கள். இங்கே அப்படி ஒரு சேவை இல்லை. முன்பணம் கேட்கிறார்கள் என்றால் அது மோசடி, அவ்வளவுதான்.

4. பாட்டிலைக் கையில் எடுத்துப் பாருங்கள்

வைனுக்குச் சூடு ஆகாது. சென்னையில் ஒரு பாட்டில் லாரியில் வந்து, கிடங்கில் இருந்து, அலமாரிக்கு வருவதற்குள் எத்தனையோ வெயிலைப் பார்த்திருக்கும். அதனால் ஜன்னல் ஓரத்திலும் விளக்குக்கு நேர் கீழேயும் நிற்கும் பாட்டிலை எடுக்காதீர்கள். உள் வரிசையில் கைவிட்டு எடுங்கள்.

எடுத்ததும் கழுத்தைப் பாருங்கள். மூடிக்குக் கீழே பிசுபிசுப்பாக வைன் கசிந்து காய்ந்திருந்தால் வேண்டாம். கார்க் விளிம்பைத் தாண்டி மேலே துருத்திக்கொண்டிருந்தாலும் வேண்டாம். உள்ளே சூடேறி விரிந்திருக்கிறது என்று அர்த்தம். பக்கத்தில் நிற்கும் பாட்டில்களைவிட இதில் அளவு குறைவாக இருந்தாலும் அப்படித்தான். திருகு மூடி போட்ட பாட்டிலை மட்டம் என்று நினைக்க வேண்டாம். இந்த விலையில் நான் அதைத்தான் முதலில் தேடுவேன். கார்க்கினால் வரும் கெட்ட வாடை இதில் வராது, திறக்கக் கருவியும் தேவையில்லை.

லேபிளில் இருக்கும் ஆண்டு, திராட்சை பறித்த ஆண்டு. வைன் பழசாக ஆக நல்லது என்ற பேச்சு விலையுயர்ந்த சில பாட்டில்களுக்குத்தான் பொருந்தும். நமது விலையில் பறித்து நாலு வருடத்துக்குள் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். 'ரிசர்வ்' என்ற சொல்லைப் பார்த்து மயங்க வேண்டாம். பல கம்பெனிகள் ஓக் மரப் பீப்பாயில் வைத்த வைனுக்கு அதைப் போடுகின்றன, ஆனால் அந்த வார்த்தை மட்டுமே தரத்துக்கு உத்தரவாதம் ஆகாது. பின் லேபிளில் ஓக்கில் எத்தனை மாதம் வைத்தார்கள் என்று எழுதியிருந்தால், அது உபயோகமான தகவல்.

5. நேராக வீட்டுக்கு வாருங்கள்

வாங்கியதும் வேறு வேலைக்குப் போகாதீர்கள். கடைசி வேலையாக வைனை வாங்குங்கள். வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஸ்கூட்டர் பெட்டி அதற்குக் குறைந்ததில்லை, கீழே என்ஜின் வேறு. என் இரண்டாவது பாட்டிலை அன்று இரவு திறந்தபோது பழ வாசனையே இல்லை. அடிபிடித்த ஜாம் மாதிரி ஒரு வாடை, பின்னால் காடியின் குத்தல். ஒரு துணிப்பை, அதற்குள் ஈரத் துண்டு சுற்றிய பாட்டில், மாலை நேரப் பயணம் என்று இருந்தால் போதும்.

வீட்டில் நாள்கணக்கில் வைப்பதாக இருந்தால் ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் படுக்க வையுங்கள். சமையலறை அலமாரி வேண்டவே வேண்டாம்.

6. குளிர வைப்பது

என் மூன்றாவது பாட்டிலைக் கெடுத்தது இந்த ஒரு வாசகம்: 'ரெட் வைனை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும்.' இது குளிர்நாட்டுக்காரர்களின் பழைய கல்வீட்டு அறையைச் சொல்கிறது, அதாவது சுமார் 16 முதல் 18 டிகிரி. நம் வீட்டு அறை மே மாதத்தில் 33 டிகிரி. அந்தச் சூட்டில் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும். பழ வாசனை அதற்குப் பின்னால் அமுங்கிப்போகும், துவர்ப்பும் முரட்டுத்தனமாகத் தெரியும்.

அறைச் சூட்டில் இருக்கும் பாட்டிலை ஃப்ரிட்ஜில் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். அவசரம் என்றால் ஒரு வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர் நிரப்பிக் கழுத்துவரை மூழ்க வையுங்கள், 10 முதல் 12 நிமிடம் போதும். தண்ணீர் இல்லாமல் ஐஸ் மட்டும் போட்டால் பாட்டிலை எல்லாப் பக்கமும் தொடாது, நேரம் இழுக்கும். நாள் முழுக்க ஃப்ரிட்ஜில் இருந்த பாட்டில் என்றால், வெளியே எடுத்து அரை மணி நேரம் விடுங்கள். அதிகக் குளிரில் வாசனை அடைபட்டு துவர்ப்பு மட்டும் தூக்கும். தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும், ஆனால் வேர்த்து வடியக்கூடாது. வைனுக்குள் ஐஸ்கட்டி போடாதீர்கள். நீர்த்துவிட்டால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கனம் போய்விடும்.

இன்னொரு சின்ன விஷயம்: நம் ஊரில் கிளாஸில் ஊற்றியது கால் மணி நேரத்திலேயே சூடாகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், பாட்டிலை ஈரத் துண்டில் சுற்றி மேஜையில் வையுங்கள்.

7. திறந்து, ஆற்றுங்கள்

காபியை ஆற்றத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. ஃபுல் பாடி வைன் பாட்டிலைத் திறந்தவுடன் இறுக்கமாக இருக்கும். காற்றுப் பட்டால் வாசனை விரியும், துவர்ப்பின் முனை கொஞ்சம் மழுங்கும். அதற்காகத் தனி ஜாடி வாங்க வேண்டாம். கண்ணாடி ஜக் இருந்தால் அதில், இல்லையென்றால் சுத்தமான எவர்சில்வர் சொம்பில் ஊற்றுங்கள். வைன் தயாராகிற தொட்டிகளே எவர்சில்வரில்தான் இருக்கின்றன, ஒன்றும் ஆகாது. பித்தளை, செம்பு மட்டும் கூடாது. வைனின் புளிப்பு அதில் வேலை செய்யும். பாத்திரத்தில் சோப்பு வாசனையோ சாம்பார் வாசனையோ இருந்தால் அது அப்படியே வைனில் இறங்கும்.

ஒரு முறை உயரத்திலிருந்து ஊற்றி, அரை மணி நேரம் விடுங்கள். பாட்டிலைத் திறந்து அப்படியே நிறுத்திவைப்பதால் பலன் இல்லை, கழுத்து அளவு இடத்தில் எவ்வளவு காற்றுப் படும்?

குடிக்க மட்டும் எவர்சில்வர் டம்ளர் வேண்டாம். நிறமும் தெரியாது, மேலே அகலமாக விரிந்திருப்பதால் வாசனையும் நிற்காது. வாய் குறுகி, வயிறு அகன்ற கண்ணாடிக் கிளாஸ் வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள்.

8. முதல் மடக்கு

அவசரப்படாதீர்கள். கிளாஸை ஒரு வெள்ளைத் தாளின் மேல் சாய்த்துப் பாருங்கள். இளம் ஷிராஸ் என்றால் நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி கருநீலம் கலந்த சிவப்பு. ஓரம் செங்கல் நிறமாக இருந்தால் வயதானது. இரண்டு மூன்று வருட பாட்டிலிலேயே அப்படி இருந்தால் சூடு பட்டிருக்கலாம்.

மேஜையில் வைத்தபடியே கிளாஸை இரண்டு சுற்று சுற்றி, மூக்கை உள்ளே விட்டு முகருங்கள். புத்தகங்களில் சொல்லும் பிளாக்பெர்ரியையும் பிளாக்கரன்ட்டையும் நாம் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டோம். தேவையும் இல்லை. நமக்குத் தெரிந்ததைத் தேடுவோம். எனக்கு முதலில் வந்தது நாவல்பழம், அப்புறம் உலர்ந்த கறுப்புத் திராட்சை. ஷிராஸில் மிளகு வாசனை வந்தால் அது கற்பனை இல்லை. மிளகுக்கு அந்த வாசனையைத் தரும் ரொட்டன்டோன் என்ற அதே பொருள் ஷிராஸ் திராட்சையின் தோலிலும் இருக்கிறது. கேபர்னேயில் பச்சைக் குடமிளகாய் நறுக்கிய வாசனை வந்தால் அதற்கும் அப்படி ஒரு பொதுவான பொருள் உண்டு. ஓக்கில் வைத்த வைன் என்றால் கிராம்பு, வனிலா, சில சமயம் காபிக்கொட்டை வறுக்கிற வாசனை. மயிலாப்பூரில் காபி அரைக்கும் கடையைக் கடந்து போகும்போது வருமே, அதன் மெல்லிய சாயல்.

நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் கார்க் கெட்டுப்போயிருக்கிறது. காடி வாடை வந்தால் வைனே கெட்டுவிட்டது. இரண்டையும் கஷ்டப்பட்டுக் குடிக்க வேண்டாம், ஊற்றிவிடுங்கள்.

இப்போது ஒரு சின்ன மடக்கு. விழுங்காமல் நாக்கின் மேலும் கன்னத்தின் இருபக்கமும் படும்படி ஐந்து வினாடி வைத்திருங்கள். பக்கவாட்டில் எச்சில் ஊறினால் அது புளிப்பு. ஈறும் கன்னமும் இழுத்தால் துவர்ப்பு. விழுங்கும்போது நெஞ்சில் இறங்கும் வெம்மை ஆல்கஹால். இந்த மூன்றையும் தனித்தனியாக அடையாளம் கண்டுவிட்டால் முக்கால்வாசி முடிந்தது. விழுங்கிய பிறகு எத்தனை வினாடி சுவை நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பத்து வரை எண்ண முடிந்தால் கொடுத்த காசுக்கு நல்ல பாட்டில்.

முதல் மடக்கை வைத்து முடிவு கட்டாதீர்கள். வாய் பழக மூன்றாவது மடக்கு ஆகும். என் நோட்டில் அந்த நாலாவது பாட்டிலுக்கு முதல் வரி 'துவர்ப்பு அதிகம்' என்றுதான் இருக்கிறது. இருபது நிமிடம் கழித்து எழுதியது 'மிளகு, நாவல், மென்மை'.

அளவு பற்றி ஒரு கணக்கு. 14 சதவீத வைன் 750 மில்லியில் சுத்த ஆல்கஹால் 105 மில்லி. ஒரு குவார்ட்டர் பிராந்தியில் சுமார் 77 மில்லி. 'வைன்தானே, லேசானது' என்று ஒருவரே முழு பாட்டிலை முடித்தால் ஒன்றேகால் குவார்ட்டருக்கு மேல் உள்ளே போயிருக்கும். ஒருவருக்கு ஒரு கிளாஸ், மிஞ்சினால் இரண்டு. பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். குடித்தபின் வண்டி எடுக்காதீர்கள்: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் முதல் முறையே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம்.

9. கூட என்ன சாப்பிடுவது

நடைபாதையில் நாவல்பழம் விற்கும் பாட்டி பொட்டலத்தில் பழத்தைப் போட்டு மேலே ஒரு சிட்டிகை உப்புத் தூவிக் குலுக்கித் தருவார். உப்பு பட்டதும் துவர்ப்பு அடங்கி இனிப்பு மேலே வரும். ரெட் வைனுக்கும் இதே வித்தைதான். உப்பு, கொழுப்பு, புரதம் மூன்றும் துவர்ப்பை அடக்கும்.

அதனால் மட்டன்தான் இதற்கு முதல் ஜோடி. சுக்கா, சாப்ஸ், ஈரல் வறுவல், எது என்றாலும் காரத்தை மிளகாயில் கொடுக்காமல் மிளகில் கொடுங்கள். அரை கிலோ ஆட்டுக்கறியை இஞ்சி பூண்டோடு வேகவைத்து, சின்ன வெங்காயம் வதக்கி, புளியும் தக்காளியும் இல்லாமல், கடைசியில் இடித்த மிளகு இரண்டு ஸ்பூன், கொஞ்சம் சோம்பு, கறிவேப்பிலை போட்டு நீர் வற்ற வறுத்தால் ஷிராஸுக்கு அதைவிடப் பொருத்தமான தட்டை நான் பார்த்ததில்லை. ஒரு துண்டு மென்று விழுங்கி, உடனே ஒரு மடக்கு. வாயில் ஒட்டியிருக்கும் கொழுப்பை வைன் துடைத்துவிடும். வைனின் முரட்டுத்தனத்தைக் கறி எடுத்துவிடும். பீஃப் ரோஸ்ட்டும் இதேபோலத்தான்.

சைவக்காரர்களுக்கு: காளான் மிளகு வறுவல், நெய்யில் வறுத்த பனீர், எண்ணெய்க் கத்திரிக்காய் (புளி குறைத்து), உப்புப் போட்டு வறுத்த முந்திரி. வெறும் வேர்க்கடலையும் போதும்.

ஒத்துவராதவை எவை என்று நான் காசு கொடுத்துக் கற்றேன். பச்சைமிளகாய், காய்ந்த மிளகாய்க் காரம் வேண்டாம். ஆல்கஹால் அந்த எரிச்சலை இரட்டிப்பாக்கும், துவர்ப்பு வேறு சேர்ந்து வாய் புண்ணான மாதிரி இருக்கும். சிக்கன் 65 எனக்கு உயிர், ஆனால் இதோடு இல்லை. மீன் வேண்டாம்: ரெட் வைனில் இருக்கும் இரும்பு மீனோடு சேர்ந்து கவிச்சி வாடையைக் கிளப்பிவிடும். ரசமும் புளிக்குழம்பும் முன்னால் வந்தால் வைன் சப்பென்று போகும். இனிப்புக்குப் பின்னால் குடித்தால் வைன் கசக்கும், அதனால் குலாப் ஜாமூனைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

பாட்டில் வாங்கத் தயக்கம் இருப்பவர்கள் ஒரு ஹோட்டல் பாரில் கிளாஸ் கணக்கில் வாங்கிப் பார்க்கலாம். விலை அதிகம்தான், வரியும் மேலே ஏறும். ஆர்டர் செய்வதற்கு முன்னால், "இந்த பாட்டில் எப்போ திறந்தது?" என்று தயங்காமல் கேளுங்கள். நுங்கம்பாக்கம் பக்கம் ஒரு ஹோட்டலில் எனக்கு வந்த கிளாஸில் பழமே இல்லை, வாடிய ஆப்பிள் வாசனைதான். கேட்டபோதுதான் திறந்து நாலு நாள் ஆகிவிட்டது என்று தெரிந்தது. மாற்றித் தந்தார்கள், ஆனால் கேட்காமல் இருந்திருந்தால் அதுதான் வைன் என்று நம்பியிருப்பேன்.

10. மிச்சம்

இரண்டு பேர் ஒரு பாட்டிலை ஒரே இரவில் முடிக்க வேண்டியதில்லை. மிஞ்சியதைச் சின்னக் கண்ணாடி பாட்டிலில் விளிம்புவரை நிரப்பி, மூடி, ஃப்ரிட்ஜில் நிற்க வையுங்கள். இடைவெளி இருந்தால் காற்று உள்ளே வேலை செய்யும். இப்படி மூன்று நாள் தாங்கும். இரண்டாம் நாள் சில வைன்கள் முதல் நாளைவிட நன்றாகவே இருக்கும், அதைத் தவறவிடாதீர்கள். குடிப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுங்கள்.

நாலாம் நாள் குடிக்க வேண்டாம். காடி வாடை இல்லையென்றால், வெங்காயம் வதங்கிய மட்டன் வறுவலில் அரை கிளாஸ் ஊற்றி, நன்றாகச் சுண்டும்வரை கொதிக்கவிடுங்கள். வாடை வந்திருந்தால் சிங்க்கில்தான்.

பாட்டிலைப் போடுவதற்கு முன்னால் முன் லேபிளையும் பின் லேபிளையும் போனில் படம் எடுத்து, பக்கத்தில் விலையும் பிடித்ததா இல்லையா என்பதும் ஒரு வரியில் எழுதி வையுங்கள். அடுத்த முறை கடையில் பிரெஞ்சுப் பெயரை உச்சரிக்கத் திணற வேண்டியதில்லை, "அண்ணே, இது இருக்கா?" என்று போனை நீட்டினால் போதும்.